சியோல் முதல் புசான் வரை: ஹலால் கொரியச் சாப்பாட்டுக் குறிப்புகள்

வெள்ளி: இத்தேவோன்

இன்ச்சியோன் விமான நிலையத்தில் இறங்கியதும் ஏர்போர்ட் ரயிலில் எல்லா நிலையத்திலும் நின்று போகும் வண்டியைப் பிடியுங்கள். கோங்தோக்கில் இறங்கி 6-ஆம் எண் மெட்ரோவுக்கு மாறினால் நாலாவது நிறுத்தம் இத்தேவோன். எக்ஸ்பிரஸ் வண்டி கோங்தோக்கில் நிற்காது. 3-ஆம் வாசல் வழியாக மேலே வந்து நேராக நடந்தால் ஒரு தீயணைப்பு நிலையம். அதை ஒட்டி வலது பக்கம் திரும்பி மேடு ஏறினால் சியோல் மத்திய பள்ளிவாசல். நிலம் கொரிய அரசு கொடுத்தது, கட்டடச் செலவுக்கு சவூதி முதலான நாடுகள் உதவின, 1976-இல் திறந்தார்கள். பெண்கள் தொழும் இடம் மேல்மாடியில்.

கூகுள் மேப்பை நம்பி வந்தால் கொரியாவில் நடைவழி சரியாகக் கிடைக்காது. நேவர் மேப் அல்லது காக்காவ் மேப்பை ஊரிலிருந்தே போனில் ஏற்றிக்கொள்ளுங்கள். பெயர்ப்பலகையையும் மெனுவையும் கேமராவில் காட்டிப் படிக்க பப்பாகோ என்ற மொழிபெயர்ப்புச் செயலி போதும்.

பள்ளிவாசல் மேட்டில் ஹலால் இறைச்சிக் கடை, மளிகை, பாகிஸ்தான் ரொட்டிக் கடை, துருக்கிக் கபாப் எல்லாம் நெருக்கியடித்து நிற்கின்றன. ஆனால் கொரியாவுக்கு வந்து பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டாம். ஈத், மக்கான் போல ஹலால் கொரியச் சாப்பாட்டுக்கென்றே பெயர் வாங்கிய கடைகள் இந்தப் பகுதியில்தான். கடைகள் இடம் மாறுவதுண்டு. கிளம்புமுன் மேப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை நேரக் கணக்கு கொஞ்சம் சிக்கலானது. ஜும்ஆ ஒரு மணி வாக்கில். முடிந்ததும் மொத்தக் கூட்டமும் இதே தெருவில் சாப்பிட இறங்கும். இன்னொரு பக்கம், கொரியாவில் நிறைய உணவகங்கள் மாலை 3 முதல் 5 மணி வரை அடுப்பை அணைத்துவிடும். ‘பிரேக் டைம்’ என்று கதவிலேயே எழுதியிருக்கும். அதற்கு அரை மணி முன்பே ஆர்டர் எடுப்பதை நிறுத்துகிற கடைகளும் உண்டு. தொழுதுவிட்டு ஆற அமர வந்து இரண்டரைக்கு வரிசையில் நின்றால் பட்டினிதான். 12 மணிக்குச் சாப்பிட்டுவிட்டுத் தொழப் போங்கள். அல்லது 5 மணிக்குப் போங்கள்.

உள்ளே நுழையுமுன் ஒரு விஷயம் தெளிவாகிவிட வேண்டும். கொரிய சுற்றுலாக் கழகம் முஸ்லிம் பயணிகளுக்காக உணவகங்களை நான்கு வகையாகப் பிரித்திருக்கிறது. கொரிய முஸ்லிம் கூட்டமைப்பு போன்ற அமைப்பு சோதித்துச் சான்று கொடுத்தது ஒன்று. முஸ்லிம் உரிமையாளரோ சமையல்காரரோ ‘என் கடை ஹலால்’ என்று தானே பொறுப்பேற்றுச் சொல்வது இரண்டாவது. ‘முஸ்லிம் ஃபிரெண்ட்லி’ மூன்றாவது: மெனுவில் சிலது ஹலால், பக்கத்து மேஜையில் சோஜு என்ற கொரியச் சாராயம் ஓடும். நான்காவது பன்றி இல்லாத கடை. அவ்வளவுதான் அதற்குப் பொருள், கோழியும் மாடும் பிஸ்மி சொல்லி அறுத்ததாக இருக்காது. ஏமாற்றம் நடப்பது பெரும்பாலும் மூன்றாவதிலும் நான்காவதிலும். பச்சை ஸ்டிக்கரைப் பார்த்ததும் உட்கார்ந்துவிடுகிறார்கள். சான்றிதழ் சுவரில் மாட்டியிருந்தால் அதில் காலாவதித் தேதி இருக்கும். கடைசி வரி வரை படியுங்கள்.

இதைவிட நம்பகமான ஒன்று எல்லாக் கொரிய உணவகத்திலும் தொங்குகிறது, யாரும் கவனிப்பதில்லை. ‘வொன்சாஞ்சி’ பலகை. மாடு, பன்றி, கோழி, அரிசி, கிம்ச்சிக்கான முட்டைக்கோஸ், மிளகாய்த்தூள் எந்த நாட்டிலிருந்து வந்தது என்று கடைக்காரர் எழுதி வைத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். இந்தப் பலகையில் பன்றிக்கு ஒரு வரி இருந்தால் அந்த அடுப்படியில் பன்றி வேகிறது. மெனுவில் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஹலால் கடையில் மாட்டுக்கு எதிரே ‘ஹோஜு’ என்று பார்த்தால் ஆஸ்திரேலியா. அங்கிருந்து ஹலால் மாட்டிறைச்சி தாராளமாக வருகிறது.

முதல் வேளைக்கு சம்கேதாங் நல்ல தேர்வு. காரமில்லை, விமானத்தில் வாடிய வயிற்றுக்கு இதம். ஆளுக்கு ஒரு முழு இளங்கோழி, வயிற்றுக்குள் ஒட்டும் அரிசி, பூண்டு, பேரீச்சை போன்ற சிவப்பு இலந்தை, ஒரு விரல் ஜின்செங் வேர். கொதிக்கிற மண்சட்டியிலேயே வரும். பலரும் முதல் கரண்டி குடித்துவிட்டு ‘சப்பென்று இருக்கிறது’ என்பார்கள். உப்புப் போடாமல் தருவதுதான் முறை. மேஜையில் உப்பும் மிளகும் இருக்கும். சூப்புக்குக் கொஞ்சம் போட்டுக்கொண்டு, மீதியைச் சின்னத் தட்டில் கலந்து கோழியைத் தொட்டுச் சாப்பிட வேண்டும். அரிசி கடைசியில்: கோழியைப் பிரித்து அரிசியைச் சூப்பில் கரைத்தால் கஞ்சியாகிவிடும். சாதாரணக் கடைகளில் இதனோடு ஜின்செங் ஊறிய சாராயம் ஒரு சிறு கோப்பையில் இலவசமாக வைப்பார்கள், சில பேர் அதைச் சூப்பிலேயே ஊற்றுவார்கள். ஹலால் கடையில் அந்தக் கோப்பை வராது. விலை 15,000 முதல் 20,000 வொன்.

இரண்டு பேருக்கு மேல் இருந்தால் ஜிம்தாக் சொல்லலாம். ஆந்தோங் ஊர்ச் சமையல். கோழி, உருளை, கேரட், காய்ந்த மிளகாய், கறுத்த சோயா சாறு, மேலே சர்க்கரைவள்ளி மாவில் செய்த கண்ணாடி நூடுல்ஸ். அரைக் கோழி, முழுக் கோழி என்று கேட்பார்கள். முழுசு மூன்று பேருக்குத் தாராளம். நூடுல்ஸை முதலில் சாப்பிட்டுவிடுங்கள். பத்து நிமிடம் விட்டால் சாறு முழுவதையும் உறிஞ்சி ஊதிப்போகும், கோழிக்குத் தொட்டுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. சோறு பெரும்பாலும் தனிக்காசு.

கரண்டியும் குச்சியும் மேஜையின் பக்கவாட்டு இழுப்பறையில். தண்ணீரை நாமே போய்ப் பிடித்துக்கொள்ளும் கடைகள் நிறைய. கிம்ச்சி, முளைப்பயறு, மீன் துண்டு போன்ற பாஞ்சான்கள் இலவசம், தீர்ந்தால் மறுபடி கேட்கலாம். ஆனால் வாங்கி மீதம் வைப்பது மரியாதையில்லை. டிப்ஸ் கிடையாது. பில்லை எடுத்துக்கொண்டு வாசல் கல்லாவில் கட்ட வேண்டும்.

சனி: சுட்ட இறைச்சியும் அதன் சாறும்

கொரிய பார்பிக்யூ மட்டும் சான்று உள்ள கடையில்தான் சாப்பிட வேண்டும். இதில் சமரசம் கிடையாது. ‘மாடு மட்டும் சொல்கிறோமே’ என்றால் வேலைக்கு ஆகாது. முந்தின மேஜையில் பன்றியின் வயிற்றுக்கறி சுட்ட அதே இரும்புத் தட்டு, அதே இடுக்கி, அதே கத்தரிக்கோல் உங்கள் மேஜைக்கு வரும். மாடு எப்படி அறுத்தது என்ற கேள்வி அதற்கு அடுத்தது.

கண்ணுக்குத் தெரிகிற பன்றியைத் தவிர்ப்பது சுலபம். தெரியாமல் போவது சாராயம். புல்கோகி என்ற சுட்ட மாட்டிறைச்சியை ஊறவைக்கும் சாறில் இறைச்சி வாடை போக அரிசி மது, ‘மிரிம்’ அல்லது ‘மாட்சுல்’ ஊற்றுவது கொரியச் சமையலில் அன்றாட வழக்கம். பரிமாறுபவரிடம் ‘இதில் சுல் இருக்கிறதா’ என்று கேட்டால் மனதார ‘இல்லை’ என்பார். அவர் கணக்கில் சுல் என்பது குடிக்கிற மது. மாட்சுல் ஒரு சமையல் சாமான். ஆகவே மூன்று பெயரையும் தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள்: சுல், மிரிம், மாட்சுல்.

அடுத்தது ‘ஜூஜோங்’. டப்பாவில் விற்கும் கோச்சுஜாங் என்ற மிளகாய் விழுது, இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் சம்ஜாங், சில தேன்ஜாங் (சோயா விழுது), சில சோயா சாஸ் எல்லாவற்றின் பின்புற எழுத்தில் இது இருக்கும். காய்ச்சி வடித்த சாராயம் என்று பொருள். மிளகாய் விழுதில் இருக்கிற ஈஸ்ட் டப்பாவுக்குள்ளும் சும்மா இருக்காது. சர்க்கரையைத் தின்று வாயுவைக் கிளப்பி டப்பாவை உப்பவைக்கும். அதை அடக்கத்தான் தொழிற்சாலையில் கொஞ்சம் ஜூஜோங் சேர்க்கிறார்கள். ஹலால் சான்றுள்ள கோச்சுஜாங்கில் இது சேர்ப்பதில்லை. ஆக, ஒரு கடை ‘ஹலால் கோழி’ என்று விளம்பரம் செய்தால் அடுத்த கேள்வி: எந்தக் கோச்சுஜாங்? பதில் தெரிந்த கடைக்காரர் உடனே டப்பாவையே கொண்டுவந்து காட்டுவார். இழுத்தடித்தால் எழுந்து வரலாம். சோயா புளிக்கும்போது தானாக உண்டாகும் சிறு அளவை ஆலிம்கள் பலர் பொருட்படுத்துவதில்லை. வெளியிலிருந்து ஊற்றியதில்தான் கருத்து வேறுபாடு. உங்கள் ஊர் ஆலிமிடம் பயணத்துக்கு முன்பே கேட்டுத் தெளிவது நல்லது, மேஜையில் உட்கார்ந்து விவாதிப்பதல்ல.

மது இல்லாமல் புல்கோகி ருசிக்குமா என்றால், நன்றாகவே ருசிக்கும். கொரியாவில் இறைச்சி நிறுக்கும் பழைய அளவு ஒரு கன், 600 கிராம். அந்த அளவு மாட்டிறைச்சியை 2 மில்லிமீட்டர் தடிமனில் சீவி, சோயா சாஸ் 6 மேசைக்கரண்டி, சர்க்கரை 3, அரைத்த கொரியப் பேரிக்காய் பாதி, வெங்காயம் பாதி, பூண்டு விழுது 1, நல்லெண்ணெய் 2, மிளகுத்தூள். மாட்சுல் செய்கிற வேலையை இஞ்சிச் சாறு ஒரு தேக்கரண்டி செய்துவிடும். இங்கே நல்லெண்ணெய் என்பது வறுத்த எள்ளில் ஆட்டியது. நம் செக்கெண்ணெய் போட்டால் மணம் வராது. பேரிக்காய் கிடைக்காமல் கிவி போடுவோர் ஒரு கரண்டிக்கு மேல், அரை மணிக்கு மேல் விடக்கூடாது. கிவியின் நொதி மிக வேகமானது, இறைச்சி நார் விட்டுக் கூழாகிவிடும். ‘இந்தக் கடையில் கறி மாவு மாதிரி இருக்கிறது’ என்று யாராவது சொன்னால் பெரும்பாலும் காரணம் இதுதான்.

மேஜையில் சுடும்போது வரிசை முக்கியம். சாறு பூசாத இறைச்சியை முதலில் சுட வேண்டும். சாறில் ஊறிய கல்பி, அதாவது விலாக்கறி, பிறகு. சர்க்கரை தட்டில் கருகி ஒட்டினால் அடுத்துப் போடும் எல்லாமே கசக்கும். கருகியதும் ‘புல்பான் காரா ஜுசேயோ’ என்றால் தட்டை மாற்றித் தருவார்கள், காசு கேட்கமாட்டார்கள். சும்மா சும்மா திருப்பாதீர்கள். மேற்பக்கத்தில் ஈரம் முத்து முத்தாகக் கசிந்ததும் ஒருமுறை திருப்பி, கத்தரிக்கோலால் ஒரு வாய் அளவுக்கு நறுக்குங்கள். கத்தரிக்கோல் அங்கே சமையல் கருவி, முகம் சுளிக்க வேண்டாம். லெட்டூஸ் இலைமேல் கெண்ணிப் இலை, அதன்மேல் இறைச்சி, பூண்டுச் சீவல், பட்டாணி அளவு சம்ஜாங். மடித்து ஒரே வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் மடியில் கொட்டும். கெண்ணிப் துளசி, புதினா குடும்பத்து இலை, வாசனை தூக்கலாக இருக்கும். முதல் தடவை பாதி இலை போதும்.

தனியாகப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: பார்பிக்யூ, மேஜையிலேயே கொதிக்கும் ஜோன்கோல் குழம்பு போன்றவற்றுக்குக் குறைந்தது 2 இன்புன், அதாவது இரண்டு ஆள் பங்கு, சொல்ல வேண்டும் என்ற விதி பெரும்பாலான கடைகளில் உண்டு. ஒரு இன்புன் 150 முதல் 200 கிராம்.

ஞாயிறு: நாமி தீவு

யோங்சானிலிருந்தோ சோங்ன்யாங்னியிலிருந்தோ ஐடிஎக்ஸ் ரயிலில் காப்யோங் சுமார் ஒரு மணி நேரம். வாரக்கடைசி இருக்கைகள் சீக்கிரம் தீரும், முன்பதிவு அவசியம். அங்கிருந்து படகுத்துறைக்குப் பேருந்து அல்லது டாக்சி, பிறகு படகில் ஐந்து நிமிடம். மலேசியா, இந்தோனேசியாவிலிருந்து வரும் கூட்டத்துக்காகத் தீவுக்குள்ளேயே தொழுகை அறையும், தோங்முன் என்ற ஹலால் உணவகமும் வைத்திருக்கிறார்கள். ருசியில் இத்தேவோனை எதிர்பார்க்க வேண்டாம்.

பலர் செய்யும் தவறு, அப்படியே பக்கத்து ஊர் சுன்ச்சோனுக்குப் போய் தாக்கல்பி என்ற காரக் கோழி வறுவல் சாப்பிடலாம் என்று கிளம்புவது. சுன்ச்சோன் தாக்கல்பிக்குப் பிறந்த ஊர்தான். ஒரு தெரு முழுக்க அந்தக் கடைகளே. ‘கோழிதானே’ என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். அறுப்பு ஹலால் இல்லை, ஊறல் சாறில் மாட்சுல் வழக்கம். சான்றுள்ள கடையில்தான் இதைச் சாப்பிட வேண்டும்.

அப்படிக் கிடைத்தால், அகலத் தட்டில் எலும்பில்லாத தொடைக்கறி, முட்டைக்கோஸ், சர்க்கரைவள்ளி, அரிசிக் கொழுக்கட்டை எல்லாம் சிவப்புச் சாறில் புரளும். முதலில் வேகிறது கொழுக்கட்டை, கடைசியில் சர்க்கரைவள்ளி. பரிமாறுபவர் ‘இப்போது சாப்பிடலாம்’ என்று சொல்லும்வரை கோழியைத் தொடாதீர்கள். மிளகாய்ச் சிவப்பில் வெந்ததா வேகாததா என்று கண்ணுக்குத் தெரியாது. நாலில் ஒரு பங்கை மீதம் வைத்து, அதில் சோறும் கடற்பாசித் தூளும் போட்டு வறுத்துத் தரச் சொல்லுங்கள். அடிபிடித்த அந்தச் சோற்றுக்காகத்தான் கொரியர்கள் வருகிறார்கள். சீஸ் சேர்க்கும் முன் அது எந்தச் சீஸ் என்று கேளுங்கள்.

திங்கள்: ஹலால் கடை இல்லாத இடத்தில்

அரண்மனை, அருங்காட்சியகம் சுற்றும் நாளில் மதியச் சாப்பாட்டுக்காக இத்தேவோன் திரும்ப முடியாது. அப்போது கைகொடுப்பது பௌத்தக் கோயில் சாப்பாடு. இன்சாதோங் பகுதியில் அதற்கென்றே உணவகங்கள் உண்டு. இறைச்சி, மீன், வெங்காயம், பூண்டு எதுவும் சேர்ப்பதில்லை. காளான், தாமரைக்கிழங்கு, மலைக்கீரை, தாமரை இலையில் அவித்த சோறு. பன்றிப் பயம் அறவே இல்லை. சாஸில் ஜூஜோங் உண்டா என்று மட்டும் விசாரித்தால் போதும். விலை கூடுதல்.

சாதாரணக் கடையில் பிபிம்பாப் என்ற காய்கறி கலந்த சோறு சொல்வதானால் ‘இறைச்சி வேண்டாம்’ என்பது போதாது. கொரியாவில் பலருக்கு ஹாம் என்ற பதப்படுத்திய பன்றிக்கறி ஒரு இறைச்சியாகவே தோன்றாது. ‘கோகி இல்லை’ என்று சொல்லிவிட்டு ஹாம் துண்டு போட்டுத் தருவார்கள். கிம்பாப் என்ற கடற்பாசிச் சோற்றுச் சுருளில் ஹாம் இல்லாமல் வருவதே அபூர்வம். சுந்துபு ஜிகே என்ற இளந்தோஃபு சூப்பில் கொத்துக்கறி பன்றி, கிம்ச்சி ஜிகேயில் பன்றித் துண்டு, ஜாஜாங்ம்யோன் என்ற கறுப்புச் சாறு நூடுல்ஸில் பன்றிக் கொழுப்பு. பார்த்தால் சைவம் போலத் தெரிகிற தேன்ஜாங் ஜிகேயில் கூட மாட்டுச் சாறுத் தூள் ‘தாஷிதா’ கலந்திருக்கும். ‘துவெஜிகோகி, ஹாம், சோகோகி, தாக்கோகி பே ஜுசேயோ’ என்று அடுக்கிச் சொல்லுங்கள்: பன்றி, ஹாம், மாடு, கோழி எல்லாம் எடுத்துவிடுங்கள். கொரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக் காட்டினால் இன்னும் சுலபம். பதிலுக்கு ‘நே’ என்று தலையாட்டினால் ‘ஆமாம், சரி’ என்று பொருள். மறுப்பு என்று நினைத்து எழுந்துவிடாதீர்கள்.

மியோங்டோங் தெருவோரத் தட்டுகளில் கவனம் தேவை. முட்டை ரொட்டியில் ஹாம் துணுக்கு போடுகிறவர்கள் உண்டு. சாசேஜ் பொரித்த எண்ணெயிலேயே உருளை பொரியும். சுட்ட சர்க்கரைவள்ளி, வறுத்த கஷ்கொட்டை, அப்போதே பிழிந்த மாதுளைச் சாறு போதும்.

கன்வீனியன்ஸ் கடையில் ஒரு வசதி. கொரியாவில் ஒவ்வாமைப் பொருள்களை லேபிளில் தனிக் கட்டத்தில், வேறு நிறப் பின்னணியில் அச்சிட வேண்டும். அந்தச் சட்டப் பட்டியலில் பால், முட்டை, கோதுமையோடு பன்றி, கோழி, மாடும் இருக்கின்றன. பொடி எழுத்து முழுவதும் படிக்க வேண்டியதில்லை, ‘ஹாம்யு’ என்று முடியும் அந்தக் கட்டத்தைக் கேமராவில் காட்டினால் போதும். அதில் பன்றி இருந்தால் வைத்துவிடுங்கள். பக்கத்திலேயே ‘இதே தொழிற்சாலையில் இவையும் தயாராகின்றன’ என்ற இன்னொரு வரி வரும். அது சேர்மானம் அல்ல, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் இந்தக் கட்டத்தில் ஜூஜோங் வராது. அதற்குச் சேர்மானப் பட்டியலைத்தான் பார்க்க வேண்டும்.

ரயிலில் சாப்பிட எளிய வழி: 210 கிராம் ஹெட்பான் சோற்றுக் கிண்ணத்தைக் கடை மைக்ரோவேவில் 2 நிமிடம், கூடவே மசாலா சேர்க்காத டூனா டப்பா, வறுத்த கடற்பாசிப் பொட்டலம், இரண்டு அவித்த முட்டை. ராமியோன் என்ற உடனடி நூடுல்ஸ் பக்கம் போனால் ஹலால் முத்திரையைப் பொட்டலத்திலேயே பாருங்கள். ஊரில் சாப்பிட்ட அதே பெயர், அதே நிறம் என்று எடுக்கக் கூடாது. ஷின் ராமியோனில் ஏற்றுமதிக்கான ஹலால் வகை வேறு, உள்நாட்டில் விற்கும் மாட்டுச் சாறு வகை வேறு.

செவ்வாய்: புசான்

கேடிஎக்ஸ் ரயிலில் இரண்டரை மணிக்குக் கொஞ்சம் மேல். பள்ளிவாசல் அல்-ஃபத்தாஹ், 1980-இல் கட்டியது, 1-ஆம் எண் மெட்ரோவில் துசில் நிலையத்துக்கு அருகே, கடற்கரையிலிருந்து தூரம். ஊரின் பெருமை துவெஜி குக்பாப், அதாவது பன்றி எலும்புச் சூப்பும் சோறும். கோதுமை நூடுல்ஸான மில்ம்யோனின் குளிர்ந்த சாறிலும் பன்றி எலும்பு சேரும். ஆகவே புசானில் மீனைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் மத்ஹப், அதாவது மார்க்கச் சட்டப் பிரிவு, குறுக்கே வரும். காயல்பட்டினம், கீழக்கரை, இலங்கைக்காரர்கள் ஷாஃபி. கடலில் வாழ்வதெல்லாம் ஆகும் என்று ஜகல்ச்சி மீன் சந்தையில் நிம்மதியாக உட்காரலாம். ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. அவர்களுக்கு மீன் சரி, கணவாய், ஆக்டோபஸ், சிப்பி, நண்டு கூடாது, இறாலில் கருத்து வேறுபாடு. கடலுணவு அடையான ஹேமுல் பாஜோனில் கணவாய் கட்டாயம் இருக்கும். கிம்ச்சியிலும் இறால் உப்பூறல் அல்லது நெத்திலிச் சாறு சேரும். இருவரும் ஒரே மேஜையில் இருந்தால் தட்டைத் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

ஜகல்ச்சியில் முறை இப்படி: கீழ்த்தளத் தொட்டிகளில் மீனைப் பார்த்து, எடை போட்டு விலை பேசி வாங்க வேண்டும். எடை போடும் கூடையில் தண்ணீர் வடிந்துவிட்டதா பாருங்கள். பிறகு மேல்தளத்தில் உட்கார இடம்; இலை, சாஸ், பாஞ்சானுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம், மீன் குழம்புக்கு வேறு. இதைக் கீழேயே கேட்டுக்கொள்ளாவிட்டால் பில்லில் மீன் விலைக்குச் சமமாக இன்னொரு தொகை நிற்கும்.

பச்சை மீன் பிடிக்காதவர்கள் சந்தையைச் சுற்றியுள்ள சுட்ட மீன் கடைகளுக்குப் போகலாம். வாளை மீன், கானாங்கெளுத்தி, உப்பு மட்டும் தடவி இரும்புத் தட்டில் வாட்டியது. சாஸ் இல்லாததால் ஜூஜோங் கேள்வியும் இல்லை. வேறு என்ன அந்தத் தட்டில் வேகிறது என்று மட்டும் பாருங்கள். பச்சை மீனோடு வரும் சிவப்புச் சாஸ் கோச்சுஜாங்கில் செய்தது. அதைத் தள்ளிவைத்துவிட்டு நல்லெண்ணெயும் உப்பும் கேளுங்கள், தருவார்கள். மீன் தலை, முள் போட்டுக் கொதிக்கும் மேயுந்தாங் குழம்பு கடைசியில் வரும். கவிச்சி போக அதில் சோஜுவோ மாட்சுலோ ஒரு மூடி விடுவது வழக்கம். மேல்தளத்தில் உட்காரும்போதே, குழம்பு அடுப்பேறும் முன், ‘சுல் பே ஜுசேயோ, மாட்சுல்தோ பே ஜுசேயோ’ என்று இரண்டையும் சொல்லிவிடுங்கள்.